லைசென்ஸ் கேட்ட தம்பிக்கு ஒரு சேர்டிபிகேட் வந்தது

கொந்தராத்து வேலை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஊர் வேறு, வேலை வேறு என்றாலும் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கின்றன: நடுவில் நிற்கும் ஏஜென்சி நிசமானதா? முதல் கடிதத்துக்கே பக்கத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மற்ற இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கட்டாரில் ஒன்பது வருடம் கியூஎஸ்ஸாக (கட்டட வேலையின் அளவும் செலவும் கணக்கிடுபவர்) இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். லிங்க்ட்இன் வழியாக லண்டன் ஏஜென்சி ஒன்று கதைக்கிறது. ஆறு மாதக் கொந்தராத்து, வீட்டிலிருந்தே வேலை, நாளுக்கு 140 பவுண். லைசென்ஸ் இருக்கா என்று கேட்டேன். முத்திரை போட்ட சேர்டிபிகேட் ஒன்றை அனுப்பினார்கள். இப்போது பாஸ்போட் பிரதியும், முன்பு வேலை செய்த இடத்து மேலாளர்கள் இருவரின் பெயரும் போன் நம்பரும், பின்னணிப் பரிசோதனைக்கு 85 பவுணும் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். நம்பலாமா? – க., களுவாஞ்சிகுடி

பதில்: 85 பவுணை அனுப்பாதீர்கள் தம்பி. வெள்ளிக்கிழமை வரட்டும், போகட்டும். மிச்சத்தை ஆறுதலாகக் கதைப்போம்.

லைசென்ஸ் கேட்டதில் பிழையில்லை. நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். கட்டார் போகும்போது நீங்களும் அந்த நம்பரைப் பார்த்துத்தான் போயிருப்பீர்கள். பிரித்தானியாவில் கதை வேறு. அங்கே வேலைவாய்ப்பு ஏஜென்சிகளுக்குப் பொதுவான லைசென்ஸ் கிடையாது. முன்பு இருந்ததை 1990களின் நடுவில் எடுத்துவிட்டார்கள். விவசாயம், உணவு பதப்படுத்தல், கடலோரத்தில் மட்டி பொறுக்குதல் போன்ற சில தொழில்களுக்கு ஆள் கொடுப்பவர்களுக்கு மட்டும் லைசென்ஸ் உண்டு. 2004இல் மோர்கம் குடாவில் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கடல் ஏறி மூழ்கிச் செத்த பிறகு வந்த சட்டம் அது. வரைபடத்தைப் பார்த்துக் கல்லும் கம்பியும் கணக்குப் பண்ணும் உங்களுக்கு அதில் அலுவல் இல்லை.

அப்படியானால் உங்களுக்கு வந்த சேர்டிபிகேட் என்ன? கடிதத்தோடு நீங்கள் வைத்த பிரதியைப் பார்த்தேன். கம்பனி பதிவான அன்று கொடுக்கும் பத்திரம் அது. கம்பனியின் பிறப்புச் சான்றிதழ் என்று வையுங்கள். "எங்கள் நாட்டில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்திருக்கும். லைசென்ஸ் கேட்டவருக்குப் பிறப்புச் சான்றிதழை நீட்டியதுதான் எனக்கு முதலில் இடித்தது.

அதிலிருந்த நம்பரை வைத்து நானே கம்பனிஸ் ஹவுஸ் தளத்தில் தேடினேன். பிரித்தானியக் கம்பனிகளின் அரச பதிவேடு அது. காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. பதிவுத் தேதி 2025 மார்ச். அவர்களுடைய மின்னஞ்சலின் அடியிலோ "2009 முதல் உங்கள் சேவையில்" என்று போட்டிருக்கிறது. ஆள் வழங்கும் தொழிலுக்கான குறியீடு 78இல் தொடங்கும், 78109, 78200 என்று. இவர்கள் கொடுத்திருப்பது 47இல் தொடங்குகிறது. அது சில்லறை வியாபாரம். கணக்கறிக்கை ஒன்றும் தாக்கல் செய்யவில்லை. அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன், புதுக் கம்பனிக்கு முதல் கணக்குக் கொடுக்க 21 மாத அவகாசம் உண்டு. ஆனால் 2009 முதல் நடத்துகிறவர்களுக்கு அந்த அவகாசம் எங்கிருந்து வந்தது? 2024 மே வரை இணையத்தில் ஒரு கம்பனியைப் பதிய 12 பவுண் போதும். இவர்கள் பதிந்த நேரம் அது 50. ஐம்பது பவுணுக்கு எடுத்த பத்திரத்தைக் காட்டி உங்களிடம் 85 கேட்கிறார்கள்.

பதிவேட்டில் பெயர் இருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 2024 மார்ச்சில் சட்டம் இறுகும் வரை, கொண்டு வந்து கொடுத்ததைக் கொடுத்தபடி எழுதிக்கொள்ளும் கொப்பியாகத்தான் அது பெரும்பாலும் இருந்தது. இயக்குநர் தன் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பது 2025 நவம்பர் 18 முதல்தான் கட்டாயம். அதே நேரம், சின்னக் கம்பனி, கணக்காளரின் விலாசத்தில் பதிந்த கம்பனி என்று கண்டவுடன் ஓடவும் வேண்டாம். எனக்கு ஒழுங்காகக் காசு தந்த ஏஜென்சிகளில் ஒன்றில் இரண்டே பேர்தான். கணவனும் மனைவியும்.

அந்தப் பதிவேட்டில் ஆட்கள் அதிகம் பார்க்காத ஒரு பக்கம் உண்டு: கம்பனியின்மேல் உள்ள அடமானங்கள். கொந்தராத்து ஆட்களுக்கு வாரா வாரம் காசு கொடுக்க வேண்டும், வாடிக்கையாளரிடமிருந்து வருவதோ ஒன்றிரண்டு மாதம் கழித்து. இடைவெளியை நிரப்ப நல்ல ஏஜென்சிகளும் தங்கள் பில்களை வங்கியிடமோ நிதிக் கம்பனியிடமோ ஈடு வைப்பார்கள். ஆகவே அங்கே வங்கி ஒன்றின் பெயர் இருந்தால் பயப்படாதீர்கள். யாரோ ஒருவர் இவர்களுடைய பில்களைச் சரிபார்த்துத்தான் கடன் கொடுத்திருக்கிறார். வற் நம்பரையும் கேளுங்கள். வருட வருமானம் 90,000 பவுணைத் தாண்டினால் பதிந்தே ஆக வேண்டும். உங்களைப் போல நாலைந்து பேரை வேலைக்கு வைத்தாலே ஓர் ஏஜென்சி அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். நம்பர் சரியா என்று பிரித்தானிய வரித் திணைக்களத்தின் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.

அப்புறம், பெயர் திருட்டு. உண்மையான பழைய ஏஜென்சி ஒன்றின் பெயரையும் நம்பரையும் எடுத்து, இணைய முகவரியில் மட்டும் ஒரு கோடோ ஓர் எழுத்தோ கூட்டி வருகிறார்கள். பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் பொன்னாகத் தெரியும். இதற்கு ஒரே வழி, அவர்கள் தந்த நம்பரை விட்டுவிட்டு, கம்பனியின் தளத்தை நீங்களாகத் தேடி, அதிலுள்ள பொது நம்பருக்கு எடுத்து, "இந்தப் பெயரில் உங்களிடம் ஒருவர் வேலை செய்கிறாரா?" என்று கேட்பது. நமக்குப் பின்னேரம் மூன்று மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை ஒன்பதரை, கோடையில் பத்தரை. ஆள் இருப்பார்கள். இணைய முகவரி எப்போது பதியப்பட்டது என்று பார்க்கவும் இலவசத் தளங்கள் உண்டு. உங்கள் ஆட்களுடையதைப் பார்த்தேன், ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இவ்வளவும் ஏஜென்சியைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, வேலை இருக்கிறதா என்பது. நீங்கள் கியூஎஸ். உங்களைவிட இதை நன்றாகச் சோதிக்க யாரால் முடியும்? வளைகுடாவில் பொமி முறையில் அளந்திருப்பீர்கள், ஒப்பந்தம் பெரும்பாலும் ஃபிடிக். இங்கிலாந்துக் கட்டட வேலை என்றால் அளக்கும் முறை என்ஆர்எம் 2, ஒப்பந்தம் ஜேசிடி அல்லது என்இசி. எந்த முறையில் அளக்க வேண்டும், எந்த ஒப்பந்தம், வேலைத்தளம் எந்த நகரத்தில், வரைபடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நாலு வரி எழுதிக் கேளுங்கள். ஏஜென்டுக்குத் தெரியாமல் இருக்கலாம், பாவம், அவர் ஆள் பிடிக்கிறவர். ஆனால் உண்மையான வேலை என்றால் யாரிடமாவது கேட்டு இரண்டு நாளில் பதில் கொண்டு வருவார். "பதிவு முடிந்ததும் எல்லாம் சொல்வோம்" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வாடிக்கையாளரின் பெயரை நேர்முகம் வரை மறைப்பது நல்ல ஏஜென்டுகளும் செய்வதுதான், நீங்கள் நேரே போய்விடுவீர்கள் என்ற பயம். கையெழுத்து வைக்கும் ஒப்பந்தத்தில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

மேலாளர்களின் நம்பர் விசயத்தில் எனக்குப் பட்ட புத்தி உண்டு. நான் கல்லடியில் வீட்டு முன்னறையில் இருந்து இரும்புக் கட்டட வரைபடம் கீறிக் கொடுக்கிறவள். 2011இல் இந்தத் தொழிலைத் தொடங்கி, ஐந்து வருடம் கழித்து ஓர் ஏஜென்சிக்கு, வேலை உறுதியாகும் முன்பே, என் பழைய மேலாளர் இருவரின் விபரத்தையும் நல்ல பிள்ளையாகக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவர்களில் ஒருவர் எனக்கு எழுதினார்: "உன் பெயரைச் சொல்லி ஒருவர் எடுத்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்கு ஆள் வேண்டுமா என்றுதான் கேட்டார்." அப்போதுதான் விளங்கியது. எனக்குச் சொன்ன வேலையே இருக்கவில்லை. ஆள் எடுக்கும் அதிகாரம் உள்ளவர்களின் நம்பர்தான் அவர்களுக்குத் தேவை. என்னை வைத்து அதை இலவசமாக எடுத்தார்கள். "வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டு கேட்பதும் அதே தூண்டில்தான். வாவிக்கரையில் வளர்ந்த எனக்கு அது தெரிய ஐந்து வருடம் பிடித்தது! இப்போதெல்லாம் ஒரே பதில்தான்: "வேலை எழுத்தில் வந்த பிறகு தருகிறேன்." உண்மையான ஏஜென்ட் யாரும் அதற்குக் கோபிக்கவில்லை.

பாஸ்போட் பிரதியும் அப்படித்தான், வேலை உறுதியான பிறகு. கொடுக்கும்போது பிரதியின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

இனி அந்த 85 பவுண். பிரித்தானியாவின் 1973ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு ஏஜென்சிச் சட்டப்படி, வேலை தேடிக் கொடுப்பதற்காக வேலை தேடுபவரிடம் காசு வாங்கக் கூடாது. நடிப்பு, மொடலிங் போன்ற சில துறைகளுக்கு மட்டும் விலக்கு. "அது கட்டணம் இல்லை, பரிசோதனைச் செலவு" என்பார்கள். 2003இல் வந்த ஒழுங்குவிதிகள் அந்தக் கதவையும் மூடிவிட்டன: இன்ன சேவையை வாங்கினால்தான் வேலை என்று நிபந்தனை போடவும் கூடாது. ஏஜென்சிக்குக் காசு வாடிக்கையாளரிடமிருந்துதான் வர வேண்டும்.

தம்பி, உங்களுக்கு வந்தது பொய் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் நாளைக்கு உண்மையான ஒன்று வரும், அதற்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒழுங்காக இருந்த, பத்து வருடத்துக்கு மேல் இயங்கிய ஏஜென்சி ஒன்றுக்கு நான் வேலை செய்தேன். ஒருநாள் காசு வரவில்லை. "வாடிக்கையாளர் தாமதிக்கிறார்" என்றார்கள். நானும் சரி என்று கீறிக்கொண்டே இருந்தேன். ஆறாவது கிழமை, கம்பனியைக் கலைப்பதாகக் கணக்காளர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. கடன்காரர் பட்டியலில் என் பெயர் எங்கோ அடியில். வங்கிக்குப் போக மிஞ்சியது ஒன்றுமில்லை, எனக்கு ஒரு சதம் வரவில்லை. அந்த வருடம் மாமாங்கத் திருவிழாவுக்கு வீட்டில் யாருக்கும் புது உடுப்பு எடுக்கவில்லை. கம்பனியைக் கலைக்கக் கோரும் மனு லண்டன் வர்த்தமானியில் விளம்பரமாக வரும், அதை யாரும் இலவசமாகத் தேடலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது மாதம் ஒருமுறை, மின்சார பில் கட்டும் நாளில், வேலை தரும் கம்பனியின் பெயரை அங்கே போட்டுப் பார்ப்பேன். கிழமைக்கு ஒரு பில், பதினான்கு நாளில் காசு. இரண்டாவது பில் பிந்தினால் கணினியை மூடிவிடுவேன். "வாடிக்கையாளர் தந்தால்தான் தருவோம்" என்ற வரியை வெட்டாமல் கையெழுத்து வைப்பதில்லை. அந்தச் சாட்டைச் சொல்லிக் காசை நிறுத்த முடியாதபடி அங்கே ஒழுங்குவிதி உண்டு, ஆனால் கம்பனி பதிந்து வேலை செய்பவர்களிடம் அதிலிருந்து விலகுவதாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இங்கே களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு அந்த விதியை நம்பியிருக்காமல், ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: மகள், என் மகனுக்கு ஏஎல் முடிந்து இரண்டு வருடம். தெரிந்த பெடியன் ஒருவன், தாய்லாந்தில் கம்ப்யூட்டரில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 1,200 டொலர், ஆங்கிலமும் டைப்பிங்கும் தெரிந்தால் போதும் என்கிறான். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாமாம். ஏஜென்சி கொழும்பில் என்கிறான், பெயர் சொல்லவில்லை. – ஒரு தாய், வாழைச்சேனை

பதில்: அம்மா, மகனை அனுப்பாதீர்கள். இந்தக் கதையை நாடு ஏற்கெனவே கேட்டுவிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போன நம் நாட்டுப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய், ஆயுதக் காவலில் வைத்து, இணையத்தில் ஆட்களை ஏமாற்றும் வேலை செய்ய வைத்தார்கள். 2024இல் அரசாங்கம் கதைத்துச் சிலரை மீட்டுக்கொண்டு வந்தது. அவர்களுக்கும் டேட்டா என்ட்ரி, நல்ல டொலர் சம்பளம் என்றுதான் சொல்லப்பட்டது.

மேலே தம்பிக்கு, பிரித்தானிய ஏஜென்சியிடம் லைசென்ஸ் தேடிப் பயனில்லை என்று எழுதினேன். உங்களுக்கு நேர்மாறு. இங்கிருந்து ஆள் அனுப்புகிறவரிடம் முதலும் கடைசியும் லைசென்ஸ்தான். அந்தப் பெடியனிடம் ஏஜென்சியின் பெயரையும் பணியக அனுமதி இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். தரமாட்டான். தந்தால் 1989க்கு எடுங்கள், பணியகத்தின் நம்பர் அது. இந்த லைசென்ஸ் இப்போதும் செல்லுபடியாகிறதா என்று கேளுங்கள். அதோடு விடாமல், தாய்லாந்துக்கு, இந்த வேலைக்கு, ஆள் எடுக்க அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். லைசென்ஸ் உள்ள ஏஜென்சிக்கும் அந்த இரண்டாவது அனுமதி வேண்டும். போனில் கதைக்கத் தயக்கம் என்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பாஸ்போட்டைக் கையில் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றே வாங்குங்கள். "எங்கள் சொந்தக்காரப் பெடியன்தானே" என்று வெட்கப்பட வேண்டாம். அவனுக்கும் தலைக்கு இவ்வளவு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவனுக்கே முழுக்கதை தெரியாமலும் இருக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கணக்கு வேலை செய்கிறேன். ஒரே வேலை போலத் தெரிகிற ஒன்றுக்கு இரண்டு ஏஜென்சிகள் கேட்கின்றன. இரண்டும் "என்னைப் பிரதிநிதித்துவப்படுத்த அனுமதிக்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பச் சொல்கின்றன. அனுப்பலாமா? – ந., அக்கரைப்பற்று

பதில்: மின்னஞ்சல் கேட்பதில் களவு ஒன்றுமில்லை, அது அவர்களுடைய தொழில் வழக்கம். உங்கள் மூலம் கமிஷன் யாருக்கு என்ற சண்டை வராமல் இருக்க. இரண்டு பேருக்கும் கொடுத்தால்தான் பிழை. ஒரே ஆளின் சிவி இரண்டு வாசலால் வந்தால், எதற்குத் தலையிடி என்று இரண்டையும் ஒதுக்கிவிடும் கம்பனிகள் உண்டு. முதலில் இரண்டு ஏஜென்டிடமும் கம்பனியின் பெயரைக் கேளுங்கள். முதலில் சொல்பவருக்குக் கொடுங்கள், வேலையின் பெயர், கம்பனியின் பெயர், பதினான்கு நாளுக்கு மட்டும் என்று எழுதி. "உங்கள் ஏஜென்சி மூலம் எல்லா வேலைக்கும்" என்று அவர்கள் தயாரித்துத் தரும் வரியை அப்படியே ஒட்டாதீர்கள். மற்றவருக்கு, அந்த வேலைக்கு ஏற்கெனவே இன்னொருவர் மூலம் போய்விட்டேன், வேறு இருந்தால் சொல்லுங்கள் என்று அன்றே எழுதிவிடுங்கள்.